எலி யாருடையது?

"எலி சாட்சி சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எங்க வீட்டு எலி சொல்லிச்சு. அதுவும் வெறும் வாயால இல்ல. ஹவுஸ் ஓனரோட பல்லையே எடுத்துக்கிட்டு வந்து, ஹவுஸ் ஓனருக்கு எதிராவே சொல்லிச்சு!"

சலூனில் கத்தரிக்கோல் நின்றது. காத்திருந்தவர்கள் முகத்துக்கு முன்னாலிருந்த செய்தித்தாள்கள் இறங்கின. பெஞ்சின் நடுவில், இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் போல இரு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு டிரைவர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கினாரே தவிர, வேகத்தைக் குறைக்கவில்லை. அது முழுக்க வாய்க்கு மாறிவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, உங்க பஸ் ஹாரன் சத்தத்துல நின்னுபோன மணிக்கூண்டு ஓட ஆரம்பிச்சுதுன்னீங்க. சரின்னேன். பிரேக் போன பஸ்ஸ, உள்ள இருந்தவங்க எல்லாரையும் ஒரே நேரத்துல மூச்ச உள்ள இழுக்கச் சொல்லி நிறுத்தினேன்னீங்க. அதையும் பொறுத்துக்கிட்டேன். நீங்க எதச் சொன்னாலும் பாதியக் கழிச்சுட்டு மீதிய நம்புறவன் நான். இதுல கழிச்சா மிச்சமே இல்லையே!"

"கழிக்காம கேளுய்யா. அப்புறம் பேசு."

"கேக்கறேன். காதுக்கு என்ன வாடகையா?" என்று சலூன்காரர் மறுபடி கத்தரிக்கோலை எடுத்தார்.

டிரைவர் சொன்ன கதை இதுதான். சொன்ன அளவு ஒருவேளை கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். சொன்ன பொருள் பழுதில்லை.

டிரைவரும் அவர் மனைவியும் குடியிருப்பது மாடி வீடு. கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர். அந்த மாடி வீட்டுக்கு ஒரு எலி வந்தது. ஒரு எலி என்று சொல்வது மரியாதைக்காக. அதன் உடம்பு பூனை சைஸ். அதைக் கண்டால் தெருப்பூனை ஒதுங்கி நின்று வழிவிடும் என்பார் டிரைவர். சமையலறை அலமாரியின் மேல் அது நடந்து போகும் தோரணையைப் பார்த்தால், மாதம் பிறந்ததும் வாடகையை அதுதான் கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று தோன்றும்.

டிரைவரின் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறையை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அந்தச் சமையலறைக்குள் ஈ வந்தால்கூடக் கால் கழுவிவிட்டுத்தான் வரும். அப்பேர்ப்பட்டவருடைய அடுப்பு மேடையில் காலையில் எழுந்து பார்த்தால் எலிப் புழுக்கை. அந்த அம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் டிரைவர் பயந்திருக்க மாட்டார். வாயே திறக்காமல் மேடையைத் தேய்த்தார், தேய்த்தார், கல் மெலிந்துபோகும் வரை தேய்த்தார்.

இதோடு போயிருந்தால் எலிக்கும் மனிதருக்கும் உள்ள பழைய பகை என்று விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த திங்கட்கிழமை பேத்தி வருவதாக இருந்தது. மகளுக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான். பகலெல்லாம் குழந்தை தாத்தா பாட்டியிடம், மாலையில் அம்மாவிடம் என்று ஏற்பாடு. தொட்டில் வந்தாயிற்று. சின்ன மெத்தை வந்தாயிற்று. அதையெல்லாம் பார்க்க வந்த மகள் மெத்தையைத் தூக்கினாள். ஒரு மூலையைக் காணவில்லை. பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

மகள் மெத்தையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. எலி இருக்கிற வீட்டுல என் புள்ளைய விட முடியாது."

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு எலி இல்லாம பண்ணிடறேன்மா."

"இது ரோடு இல்லப்பா, ஹாரன் அடிச்சா ஒதுங்கறதுக்கு. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வேலைய விட்டுடறேன்."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷத்தில் டிரைவர் விட்ட சரடுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவர் கழுத்தைச் சுற்றின. ஒரு தடவையாவது சொன்னதைச் செய்துகாட்ட வேண்டும்.

அன்றே கீழே இறங்கினார்.

ஹவுஸ் ஓனர் நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க எல்லைக்கல் நட்ட கை சும்மா இருக்குமா? வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத கற்களை நட்டு வைத்திருந்தார். சுவருக்கு வெளியே அவர் பொறுப்பு, உள்ளே குடியிருப்பவர் பொறுப்பு. ஒருமுறை சமையலறைக் குழாய் ஒழுகியபோது, "குழாய் என்னுது, சொட்டு உங்களுது" என்று தீர்ப்பு சொன்னவர். மனிதர் கெட்டவர் இல்லை. கை கொஞ்சம் இறுக்கம், வாய் ஓயாத அரவை. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை.

"சார், எலித் தொல்லை தாங்க முடியல."

"எங்க?"

"சமையலறையில."

"சமையலறைக்கு உள்ளயா, வெளியவா?"

"உள்ளதான் சார்."

"அப்ப அது உங்க எலி." ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "வெளிய வந்ததும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"வாசப்படியில நின்னுதுன்னா?"

ஹவுஸ் ஓனர் இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். "தல எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கத்துக்காரர் பொறுப்பு."

"சார், எலி கட்டடத்துல இருக்கிற ஓட்ட வழியாத்தான் வருது. கட்டடம் உங்களுது."

"ஓட்டை எல்லா வீட்டுலயும்தான் இருக்கு. சிந்திக் கெடக்கிறதத் திங்கத்தான் எலி வரும். கீழ என் வீட்ட வந்து பாருங்க, ஒண்ணு உண்டா? உங்க மூட்டை முடிச்சோட வந்த எலி அது!" என்று அவர் கையை உதறியபோது, கடலைத் தோல் பொலபொலவென்று அவர் வீட்டுத் தரையிலேயே உதிர்ந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். ஹவுஸ் ஓனரும் பார்த்தார். பார்த்துவிட்டு இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மேலே வந்து டிரைவர் தன் பங்குக்குப் போரைத் தொடங்கினார். பொறி வைத்தார். எலி உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டு, போகும்போது பொறிக் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டும் போயிற்று. பசை அட்டை வைத்தார். அதில் டிரைவரின் செருப்பு ஒட்டிக்கொண்டது. செருப்பை எடுக்கப் போய்க் கை ஒட்டிக்கொண்டது. கையை எடுக்க வந்த மனைவியின் முந்தானை ஒட்டிக்கொண்டது. எலி அலமாரி மேல் உட்கார்ந்து முழுதையும் பார்த்தது என்று டிரைவர் சத்தியம் செய்வார். மருந்து வைக்கலாமா என்றதற்கு, "குழந்தை தவழப் போற தரையில விஷமா?" என்று மனைவி ஒரே அதட்டு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"வீட்ட மாத்திடலாமா?" என்றார் டிரைவர், தோற்றவர் குரலில்.

"எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவாங்களா? முதல்ல அது எங்க இருந்து வருதுன்னு பாருங்க."

எங்கிருந்து வருகிறது என்பது இருவருக்குமே தெரியும். சமையலறை மூலையில், கீழ்வீட்டிலிருந்து மேலே ஏறும் தண்ணீர்க் குழாய்களை மறைத்து ஒரு பலகைப் பெட்டி, தரையிலிருந்து கூரை வரை. ஹவுஸ் ஓனர் தன் கையாலேயே செய்தது. குழாய் பதித்த கொத்தனார், "சுத்தி இருக்கிற ஓட்டைய நாளைக்கு வந்து அடைச்சுடறேன்" என்று சொல்லியிருக்கிறார். நாளைக்கு வந்தால் நாளைக்கும் கூலி அல்லவா? "மூடினா யாருக்குத் தெரியப் போகுது?" என்று இவரே பலகையை அடித்து மூடிவிட்டார். அந்த வேலையில் அவருக்கு ஏகப் பெருமை. மாடிக்கு வரும்போதெல்லாம் பெட்டியை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார், வளர்த்த பிள்ளையைத் தட்டிக் கொடுப்பது போல.

அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் பகலெல்லாம் பிறாண்டல் சத்தம். திறந்து பார்க்கலாம் என்றால், வாடகைக்கு வந்த அன்றே போட்ட கட்டளை குறுக்கே நின்றது: ஓர் ஆணி அடிக்கக் கூடாது, ஓர் ஆணி பிடுங்கக் கூடாது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, வாசலில் நின்றபடியே ஹவுஸ் ஓனர், "அது தண்ணி ஓடற சத்தம்" என்றார்.

"தண்ணிக்கு எப்ப சார் கால் மொளச்சுது?" என்றார் டிரைவரின் மனைவி.

சனிக்கிழமை வந்தது. மகள் காலையிலேயே பேசினாள். மேலதிகாரிக்கு இன்றைக்குள் முடிவைச் சொல்ல வேண்டுமாம். "மத்தியானம் வரைக்கும் பொறும்மா" என்றார் டிரைவர். மத்தியானத்துக்குள் என்ன நடக்கப் போகிறது என்று அவருக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

அந்தச் சமயத்தில் கதவு தட்டப்பட்டது. ஹவுஸ் ஓனர். ஆனால் பாதி ஹவுஸ் ஓனர்தான் வந்திருந்தார். முகத்தின் கீழ்ப்பாதி உள்ளே மடிந்து, கன்னம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கப் போனது போல ஒட்டிக் கிடந்தன. கையால் வாயை மறைத்திருந்தார்.

"சார், பல்செட் எங்க?" டிரைவருக்கு எப்போதும் போல நாக்கு முந்தியது.

"டாக்டர்கிட்ட. பாலிஷ் போட." வார்த்தைகள் காற்றோடு காற்றாக வந்தன. "அத விடுங்க. உங்க சமையலறையப் பாக்க வந்தேன். எலி எதுக்கு வருதுன்னு நானே கண்டுபிடிச்சுத் தரேன். அப்புறம் என் மேல பழி போடக் கூடாது."

"தாராளமா பாருங்க சார்" என்று டிரைவரின் மனைவி விலகி நின்றார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

ஹவுஸ் ஓனர் அலமாரியில் விரலை ஓட்டினார். விரல் முன்பைவிடச் சுத்தமாக வந்தது. அடுப்புக்குக் கீழே குனிந்தார். அங்கே தரையில் அவர் முகமே தெரிந்தது, பல்லில்லாமல். சட்டென்று நிமிர்ந்துவிட்டார். குப்பைக் கூடையைத் திறந்தார். அங்கே மட்டும் அரை வாழைப்பழத்தோல் கிடைத்தது. புதையல் கண்டவர் போல அதைத் தூக்கிக் காட்டினார்.

"இதோ! இதுக்குத்தான் வருது! மூடி இல்லாத கூடை!"

"அது எங்க தப்புதான் சார். மூடி போட்ட கூடை வாங்கிடறோம்" என்றார் அந்த அம்மாள். "சத்தம் ஆனா கூடையில இருந்து வரலியே."

சொல்லி வாய் மூடவில்லை. பெட்டிக்குள் கரகரவென்று பிறாண்டல். கூடவே ஒரு புதுச் சத்தம். கடக், கடக். ஏதோ கெட்டியான பொருள் குழாயில் மோதுவது போல.

"தண்ணி" என்றார் ஹவுஸ் ஓனர்.

"சார்..."

"தண்ணிதான்யா! என் கையால செஞ்ச பெட்டி. ஒரு எறும்பு நுழைய முடியாது. பாருங்க!" என்று சொல்லி, வழக்கமான பெருமையோடு பலகையில் ஒரு தட்டு தட்டினார்.

கீழே எல்லாம் ஈரத்தில் ஊறி, எலிப்பல் பட்டு, பெயருக்கு நின்றுகொண்டிருந்த பலகை அது. எப்போது விடுதலை கிடைக்கும் என்று காத்திருந்தது போலப் பொத்தென்று சரிந்து விழுந்தது.

முதலில் எலி வந்தது. ஹவுஸ் ஓனரின் காலில் ஏறியது, ஒரு கணம் நின்று அவரை அண்ணாந்து பார்த்தது, பிறகு குழாயைச் சுற்றியிருந்த கை நுழையும் ஓட்டை வழியாக இறங்கிக் கீழே, அவர் வீட்டுக்கே போயிற்று. பின்னால் கூடு சரிந்தது. பேத்தி மெத்தையின் பஞ்சு, கடலைத் தோல், கடலைத் தோல், மேலும் கடலைத் தோல், கட்டம் போட்ட ஒரு கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையின் நடுவில், சமையலறை வெளிச்சத்தில் பளிச்சென்று, ஊரையே பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு மேல்வரிசைப் பல்செட்.

மூன்று பேரும் பல்லைப் பார்த்தார்கள். பல் மூன்று பேரையும் பார்த்தது.

"என் பல்லு!" ஹவுஸ் ஓனர் பாய்ந்தார். டிரைவரின் மனைவி அவருக்கு முன்னால் பாய்ந்து, பாத்திரம் இறக்கும் இடுக்கியால் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மருத்துவமனைச் சமையலறையில் பழகிய கை.

"டாக்டர்கிட்ட பாலிஷுக்குக் குடுத்ததா சொன்னீங்களே சார்" என்றார் டிரைவர், பால் வடியும் முகத்தோடு.

"அது... ராத்திரி தூங்கறப்ப கைக்குட்டையில மடிச்சு சமையலறை மேடை மேல வெச்சேன். எழுந்து பாத்தா இல்ல. குடும்மா, குடு!"

"எப்படி சார் குடுக்கறது?" டிரைவர் குரலை இறக்கினார். "இது எங்க இருந்துச்சு? வீட்டுக்கு உள்ள. உள்ள இருக்கிறது எல்லாம் குடியிருக்கிறவங்களுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எலி எங்களுது. எலி கொண்டு வந்தது எங்களுது. அப்ப பல்லும் எங்களுது."

"யோவ், அது என் வாய்க்கு அளவெடுத்துச் செஞ்சதுய்யா!"

"இருக்கலாம் சார். தல எந்தப் பக்கம் இருந்துச்சு? எங்களப் பாத்துதான் சிரிச்சுது."

ஹவுஸ் ஓனர் இடுக்கியைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். எல்லைக்கல்லை நட்டவரும் அவரே, தடுக்கி விழுந்தவரும் அவரே. வேறு வழியில்லாமல் உரக்கக் கத்தினார்:

"அது வீட்டுக்குள்ள இல்ல, பெட்டிக்குள்ள இருந்துச்சு! பெட்டி என்னுது! பெட்டிக்குள்ள இருக்கிறது பூரா என்னுது!"

டிரைவரின் மனைவி மெதுவாகக் கேட்டார்:

"பூராவுமா சார்?"

ஹவுஸ் ஓனர் கூட்டைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். ஓட்டையை, அதன் வழியே தெரிந்த தன் வீட்டுச் சமையலறை வெளிச்சத்தைப் பார்த்தார். கீழே எங்கோ ஒரு டப்பா உருண்டது. எலி வீடு சேர்ந்துவிட்டது.

"பூராவும்" என்றார், கன்னம் இன்னும் உள்ளே போக. "எலியும்."

அந்த அம்மாள் பல்லைக் குழாயடியில் சோப்புப் போட்டு மும்முறை கழுவி, ஒரு சுத்தமான கிண்ணத்தில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிக்கொண்ட ஹவுஸ் ஓனருக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டிரைவர் பதறிப்போனார். இல்லை, சிரிப்பு. பல்லில்லாத வாயால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தல எந்தப் பக்கம்னு கேட்டியே... பாவி..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். தன்னுடையது என்று ஒப்புக்கொண்டபின் அந்த மனிதர் வேலையில் குறை வைக்கவில்லை. அன்றே கொத்தனார் வந்தார், பூச்சி, எலி ஒழிப்பவர்கள் வந்தார்கள். மாடியிலும் கீழேயும் குழாயைச் சுற்றி இரும்பு வலை வைத்துச் சிமென்ட் பூசியாயிற்று. ஹவுஸ் ஓனர் பழைய அளவு நாடாவை எடுத்துவந்து, கதவிடுக்கு, சாக்கடை மூடி, ஜன்னல் கம்பி என்று எல்லா இடத்தையும் அளந்தார். "சுண்டுவிரல் போனா சுண்டெலி போகும்" என்று கொத்தனாரைப் படாதபாடு படுத்தினார். எலி? அது அவர் வீட்டிலேயே, அவர் கடலையை வைத்த பொறியிலேயே மாட்டிற்று. பழகின தீனியை நம்பிக் கெட்டது.

மாடி வீட்டுக்கு மூடி போட்ட குப்பைக் கூடை வந்தது. அரிசியும் பருப்பும் டப்பாவுக்குள் போயின.

"ஓட்டை என்னுது, சிந்தறது உங்களுது. சரிதானா?" என்றார் ஹவுஸ் ஓனர்.

"வேர்க்கடலை?"

"...அதுவும் என்னுது."

சனிக்கிழமை மத்தியானமே அப்பா சொன்னதை நம்பி, வேலைக்கு வருவதாக மேலதிகாரியிடம் சொல்லிவிட்ட மகள் ஞாயிறு மாலை வந்தாள். முந்தின நாள் அம்மா சமையலறையிலும் தொட்டில் அறையிலும் சுவரோரமாகக் குழந்தைப் பவுடரைத் தூவி வைத்திருந்தார். மகள் முட்டி போட்டு ஒவ்வோர் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கால் தடம் இல்லை. பவுடர் பூசின முகம் போல வழவழவென்று கிடந்தது. எழுந்து நின்று மூச்சு விட்டாள். அப்பா விட்டார். அம்மா விட்டார். அந்த மூச்சுக்கு, பிரேக் போன பஸ் என்ன, ரயிலே நின்றிருக்கும்.

"நாளைக்குக் காலைல கொண்டுவந்து விட்டுடறேம்மா" என்றாள் மகள். அம்மா தொட்டிலைத் துடைக்கப் போய்விட்டார். அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது.

கதை முடிந்தது. சலூனில் ஒருவர் கைதட்டினார்.

சலூன்காரர் சவரக் கத்தியைத் துடைத்தார். "எலி வந்துச்சு, ஓட்டைய அடைச்சாங்க. இதுவரைக்கும் நம்பறேன். அந்தப் பல்லு... ம்ஹூம். ஒரு எலி அம்மாம் பெரிய பல்செட்ட இழுத்துக்கிட்டு குழாய்ல ஏறுமா? கண்ணால பாத்தாலும் நம்ப மாட்டேன்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு ஹவுஸ் ஓனர் உள்ளே வந்தார். பெஞ்சில் செய்தித்தாள்கள் மறுபடி மேலே ஏறின. அவர் யாரையும் கவனிக்காமல், அப்போதுதான் காலியான நாற்காலியில் சாய்ந்து, சோப்பு நுரை பட்டுவிடக் கூடாது என்று பல்செட்டைக் கழற்றி, கட்டம் போட்ட கைக்குட்டையில் வைத்துச் சலூன்காரரிடம் நீட்டினார்.

"பத்திரம். கீழ வெக்காதே."

சலூன்காரர் வாங்கினார். அதை அலமாரியில் வைக்கப் போனவர், அப்படியே நின்றார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஈறு போலச் செய்த இளஞ்சிவப்பு ஓரத்தில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டிரண்டாக, உளி வைத்துக் கீறியது போலப் பொடிப்பொடிக் கோடுகள்.

"என்ன பாக்கிற?" என்றார் ஹவுஸ் ஓனர், கண்ணைத் திறக்காமல். "எலி கடிச்சது. புதுசு செய்யச் சொன்னா கேக்கற வெலைக்கு இன்னொரு வீடே கட்டலாம். டாக்டர் மருந்துல ஊறவெச்சுச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டார். நீ வழி."

சலூன்காரர் மெல்லத் திரும்பினார். பெஞ்சில் டிரைவர் எதுவுமே தெரியாதவர் போலச் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவர் பக்கத்துத் தள்ளுவண்டியில், இத்தனை கதைக்கும் இத்தனை சிரிப்புக்கும் அசையாமல், பேத்தி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வாயிலும் இன்னும் பல் இல்லை.

"அண்ணே" என்றார் சலூன்காரர்.

செய்தித்தாள் அரை அங்குலம் இறங்கியது.

"பூனை சைஸ் எலிங்கறத மட்டும் ஒத்துக்க மாட்டேன்." கைக்குட்டையைப் பயபக்தியோடு மடித்தார். "மத்தது பூரா நடந்திருக்கு."